பறை நின்றால் வெட்டலாம்

வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குக் கிழக்கே திருமகள் நகர் என்று போர்டு நட்டு மனை விற்ற புரோக்கருக்கு வாய் ஓயாது. ஸ்டேஷன் நடக்கிற தூரம், காலை வண்டியைப் பிடித்தால் மெட்ராஸில் ஆபீஸ் திறக்கும் முன் போய் உட்காரலாம், கிணறு தோண்டினால் ஆழம் போகாமலே கல்கண்டுத் தண்ணீர் என்றெல்லாம் அளந்துவிட்டார். தண்ணீர் ஏன் அவ்வளவு மேலே நிற்கிறது என்று வாங்க வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கையை நீட்டி அரும்பேட்டு ஏரியைக் காட்டியிருக்க வேண்டும். மனை விற்கிறவர் எதற்குத் தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வார்?

திருமகள் நகர் என்பது அந்த ஏரிக்குக் கீழே இருந்த நெல் வயல்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் வரப்பை வெட்டிச் சமன் செய்து மூன்று தெரு போட்டார்கள். முதல் தெரு கொஞ்சம் மேடு. இரண்டாம் தெரு தாழ்வு. மூன்றாம் தெரு பழைய வாய்க்காலை ஒட்டிய பள்ளம். பள்ளத்தில் மனையும் மலிவு, வாடகையும் மலிவு. கையில் கொஞ்சமாக வைத்திருந்தவர்கள் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

அரும்பேட்டுக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் நகர்க்காரர்கள் ஒருவருக்கும் தெரியாது. பெருமழையில் ஏரி தாங்காது என்று தோன்றினால், கரை தானாக உடைவதற்கு முன் ஊரார் அதை வெட்டிவிடுவார்கள். தானாக உடைந்தால் வடக்கே உடையும். வடக்கே ஊரும் இருக்கிறது, சேரியும் இருக்கிறது. அதனால் தெற்குக் கோடியில் வெட்டுவது. தெற்கே இருந்தது வெறும் வயல். வெட்டும் முன் பறை அடிக்கிறவர் வயல்வெளி முழுக்க அடித்துக்கொண்டே நடப்பார். மாடு மேய்க்கிறவர்களும் நடவில் இருக்கிறவர்களும் ரயில் மேட்டுக்கு ஏறிக்கொள்வார்கள். மழை கொட்டும்போது கரைமேல் நிற்கிறவர்களுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆகவே அவர்கள் கண்ணை விட்டுக் காதை நம்பினார்கள். பறை கேட்கிற வரை மண்வெட்டியைத் தொடக்கூடாது. பறை நின்றால் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்று பொருள். ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்பிவிட்டு வெட்டலாம்.

இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியிலிருந்து வந்தவனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஊர்த் தலைவர் துளசிராமன் ஒரு தடவை நகர் சங்கத்தாரிடம் போய், தண்டோரா உங்கள் தெருக்களுக்கும் வர வேண்டுமானால் அறுப்புக் காலத்தில் பறை அடிக்கிறவருக்கு ஊரார் கொடுக்கிற மாதிரி நீங்களும் ஆளுக்குக் கொஞ்சம் நெல் கொடுங்கள் என்று கேட்டார். சங்கத்தார் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் ரேடியோ இருக்கிறது ஐயா, இந்தக் காலத்தில் பறை எதற்கு என்றார்கள். வாஸ்தவம், ரேடியோ இருந்தது. டெல்லிச் செய்தியெல்லாம் சொன்னது. அரும்பேட்டில் கரையை எப்போது வெட்டுவார்கள் என்று மட்டும் அது சொல்லாது. துளசிராமனும் ஏன் கேட்கிறேன் என்பதை விளக்கவில்லை. போனால் போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டார்.

பறை அடிக்கிறவர் பெயர் தேசப்பன். சேரியில் எல்லாரையும் போல அவரும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர். வேதத்தில் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகியும் ஊர் அந்தக் குடும்பத்தின் தோளிலிருந்து பறையை இறக்கவில்லை. நகருக்குத் தண்டோரா கிடையாது என்று தீர்ந்தபோது மனதுக்குள் சந்தோஷப்பட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். காரணம், மூன்றாம் தெருவில் அவர் மகன் குடியிருந்தான்.

மகன் ஆசீர்வாதம் சிறு வயதிலேயே திருவள்ளூர் மிஷன் போர்டிங்கில் சேர்ந்து படித்தவன். ஊரில் அவன் முகம் பலருக்குத் தெரியாது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. பேன்ட் போட்டுக்கொண்டு ரயிலேறுகிற அவனை நகரில் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா திருவள்ளூர் ஸ்கூலில் வாட்ச்மேன் என்று அவன் சொல்லி வைத்திருந்தான். சேரிக்காரன் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் மறுநாளே சாமான்களைத் தெருவில் வைத்துவிடுவார். ஏற்கெனவே ஆவடியில் ஒரு வீட்டுக்காரர் அப்படித்தான் வைத்தார். அப்போது அவன் மனைவி ஆரோக்கியமேரி வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை.

அதனால் பறையோடு மூன்றாம் தெருவில் கால் வைப்பதில்லை என்று தேசப்பன் மகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மகன் வீட்டுக்குப் போகிற நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். சேரியிலிருந்து நேராகப் போகாமல் சுற்றி ஸ்டேஷனுக்குப் போய், வண்டியிலிருந்து இறங்கிய ஆட்களோடு கலந்து மூன்றாம் தெருவுக்குள் நுழைவார். எதிர்வீட்டுக் கனகாம்பாள் அவரைப் பார்த்தால், வாங்க பெரியவரே, வண்டியில் கூட்டமா என்று கேட்பாள். அவரும் கூட்டம்தாம்மா என்பார். இரண்டொரு தடவை அவள் தன் வீட்டில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருக்கிறாள். கெட்ட பொம்பளை இல்லை. ஆரோக்கியமேரிக்குப் பேறுகாலத்தில் கஞ்சி வைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

பெற்ற மகன் வீட்டுக்கு வேஷம் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. தேசப்பனுக்கு எரியவில்லை. மகனை நாலு பேர் சார் என்று கூப்பிடுவதைக் கேட்க அவர் எத்தனை மைல் வேண்டுமானாலும் சுற்றி நடந்திருப்பார்.

எழுபத்தாறாம் வருஷம் கார்த்திகை மாதம் மழை விட்டபாடில்லை. மேலே இருந்த ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, வழிந்த தண்ணீரெல்லாம் அரும்பேட்டு ஏரிக்குள் வந்து விழுந்தது. ஒரு மத்தியானம் வடக்குக் கரையில் மண் சரியத் தொடங்கியது. துளசிராமன் கரைமேல் நின்று பார்த்துவிட்டு ஆட்களைத் தெற்குக் கோடிக்குப் போகச் சொன்னார்.

துளசிராமனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல முடியவில்லை. அவருக்கு முன்னால் ஒரு பக்கம் ஊரும் சேரியும், இன்னொரு பக்கம் நகர். நகரில் இருப்பவர்கள் ரயில் மேட்டுக்கு ஏறிக்கொண்டால் சாமான் போகும், உயிர் போகாது. வடக்கே உடைந்தால் யாரும் எங்கேயும் ஏற முடியாது. அவர் தேசப்பனைக் கூப்பிட்டு, நெல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உயிர் உயிர்தான், மூன்று தெருவிலும் அடித்துச் சொல்லிவிட்டு வா என்றார்.

“மோளம் நிக்கிற வரிக்கும் வெட்ட மாட்டோம். நீ பதறாம போ” என்றார்.

தேசப்பன் வீட்டுக்குப் போய் அடுப்பில் வைக்கோலை எரித்துப் பறையின் தோலைக் காய்ச்சினார். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டால் பறை பேசாது. காய்ச்சி முடித்துத் தோளில் மாட்டினார். பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்து, உர மூட்டையின் பிளாஸ்டிக் பையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். சட்டையை எடுக்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். இரண்டு தெருவுக்குப் பறையோடு போவது. மூன்றாம் தெருவுக்கு அப்பாவாகப் போவது.

கோணிப்பையை மடித்துத் தலையோடு போட்டு, பறையின் மேல் மழை விழாமல் குனிந்துகொண்டே முதல் தெருவில் அடித்தார். ஏரியை வெட்டப் போகிறார்கள், பிள்ளை குட்டியோடு ரயில் மேட்டுக்கு ஏறுங்கள் என்று மூலைக்கு மூலை சொன்னார். ஜனங்கள் முதலில் நம்பவில்லை. யாரைக் கேட்டு வெட்டுகிறார்கள் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. டிரங்குப் பெட்டியைத் தூக்கினார்கள், ரேடியோவைப் போர்வையில் சுற்றினார்கள். இரண்டாம் தெருவிலும் அதேதான். சண்டைக்கு வந்தவரைத் தவிர யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தண்டோரா போடுகிறவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

மூன்றாம் தெருவுக்கும் பறை கேட்கத்தான் செய்தது. ஆனால் பறை என்பது எந்தத் தெருவில் அடிக்கிறதோ அந்தத் தெருவுக்குத்தான் என்று அங்கே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சாவோ, ஏலமோ, நமக்கென்றால் இங்கே வரமாட்டானா என்று உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியமேரி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்து நின்று கேட்டாளாம். மாமனாரின் அடி அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று கனகாம்பாள் பிறகு சொன்னாள். அந்தப் பறையைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

இரண்டாம் தெருக் கோடியில் கூரை போன பம்ப் ஷெட் ஒன்று இருந்தது, வயல் காலத்து மிச்சம். தேசப்பன் அதற்குள் போய்ப் பறையைக் கழற்றிக் கீழே வைத்தார். கோணிப்பையால் உடம்பைத் துடைத்தார். சட்டையை மாட்டினார். அங்கிருந்து மூன்றாம் தெரு கூப்பிடு தூரம். ஆனாலும் பழக்கத்தின்படி ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றிப் போகத் திரும்பினார். வண்டியே ஓடாத நாளில் வண்டியிலிருந்து இறங்கியவரைப் போல.

பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. பறை நின்றுவிட்டது. நிறுத்தியது அவரேதான்.

கரைமேல் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்கள்.

திரும்பி ஓடினார். பறை ஷெட்டில் மல்லாந்து கிடந்தது, தோலில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. கவிழ்த்துக் கொட்டிவிட்டு அடித்தார். நனைந்த சாக்கின்மேல் அடித்த மாதிரி இருந்தது. மறுபடியும் மறுபடியும் அடித்தார். அடிக்கிறவருக்கே சரியாகக் கேட்காத சத்தம் கரைக்கு எப்படிக் கேட்கும்? அதை வீசிவிட்டு மூன்றாம் தெருவைப் பார்த்து ஓடினார். இப்போது சுற்றி ஓடவில்லை. மேரி, மேரி என்று மருமகள் பெயரைக் கத்திக்கொண்டே குறுக்கே ஓடினார்.

தெற்குக் கோடியில் அதற்குள் வெட்டிவிட்டிருந்தார்கள்.

வெட்டினவர்கள் ஒரு ஆள் அகலத்துக்குத்தான் வெட்டினார்கள். ஊறியிருந்த கரை மீதியைத் தானே பிளந்துகொண்டது. தண்ணீர் பழைய வாய்க்காலைத் தேடிக்கொண்டு வந்தது. வாய்க்கால் இருந்த இடத்தில் மூன்றாம் தெரு இருந்தது. மாடி வைத்த வீடு அங்கே கனகாம்பாளுடையது ஒன்றுதான். அவளும் அவள் புருஷனும் அக்கம்பக்கத்தில் சிலரும் மாடிக்கு ஏறிப் பிழைத்தார்கள். ஏறாதவர்கள் பிழைக்கவில்லை. ஆரோக்கியமேரி வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

விடிந்ததும் தண்ணீர் இறங்கியது. செத்தவர்களை ரயில் மேட்டில் வரிசையாகக் கிடத்திப் பாயால் மூடினார்கள். தேசப்பனை வேலி முள்ளில் சிக்கிக் கிடந்த இடத்தில் கண்டெடுத்தார்கள். சட்டை கிழிந்து வெள்ளத்தோடு போயிருந்தது. இடுப்பில் ஒரு துணி, உடம்பெல்லாம் சேறும் கீறலும். நேற்று பறை அடித்த ஆள் இவன்தான் என்று முதல் தெருவில் சண்டைக்கு வந்தவர் சொன்னார். அப்படியானால் மூன்றாம் தெருவுக்கு ஏன் அடிக்கவில்லை என்று மூன்றாம் தெருவில் மிஞ்சினவர்கள் கேட்டார்கள். தேசப்பன் வாயைத் திறக்கவில்லை. நெல் கேட்டுக் கொடுக்காத கதை யாருக்கோ ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், காரணம் கிடைத்துவிட்டது. அவரை ஒரு கரண்ட் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். துளசிராமனும் ஊரார் சிலரும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் வெட்டியது என்ற கேள்வி அந்தக் கம்பத்தைத் தாண்டி வராதவரை அவர்களுக்குச் சௌகரியம்.

ஆசீர்வாதம் ஆவடியிலிருந்து தண்டவாளத்தின்மேல் நடந்தே வந்தான். முதல் நாள் ஷிப்டு முடிந்து வர ஆவடிக்கு மேல் வண்டியில்லை. பாயை விலக்கிப் பார்த்தான். தாயையும் பிள்ளையையும் ஒரே பாயில்தான் வைத்திருந்தார்கள். பாயருகே உட்கார்ந்திருந்தவனைக் கனகாம்பாளின் புருஷன் அருணகிரி தோளைப் பிடித்து எழுப்பிக் கம்பத்தடிக்குக் கூட்டி வந்தார்.

“இந்த ஆளுதான் சார். ரெண்டு தெருவுக்கு அடிச்சிட்டு நம்ம தெருவ வேணும்னே வுட்டுட்டான். நெல்லு குடுக்கலன்னு பழி வாங்கிட்டான்” என்றார்.

ஆசீர்வாதம் கம்பத்தில் கட்டியிருந்தவரைப் பார்த்தான். அவருடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இன்னொரு கண் அவனைப் பார்த்து வேண்டாம் என்று கெஞ்சியது. பறை ஏன் மூன்றாம் தெருவுக்கு வரவில்லை என்று யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வராதே என்று சொன்னவன் அவன்தான்.

“அவர அவுத்து வுடுங்க. அவரு எங்க நைனா. எனக்காவத்தான் மோளத்த நிறுத்திட்டு வந்திருக்காரு” என்றான்.

 உடனே கம்பத்திலிருந்து தேசப்பனின் குரல் கேட்டது. அதுவரை எத்தனை அடிக்கும் பேசாதவர்.

“இல்ல சாமி. இந்த சாரு யாருன்னே எனக்குத் தெரியாது. எனக்குப் புள்ள குட்டி கெடியாது. நெல்லு குடுக்காத கோவம். அதான் அந்தத் தெருவுக்கு அடிக்காம வுட்டுட்டேன்.”

ஆசீர்வாதம் கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தான். கனகாம்பாள் நின்றுகொண்டிருந்தாள்.

“நீங்க சொல்லுங்கம்மா. உங்க ஊட்ல ஒக்காந்து காப்பி குட்ச்சாரே, எங்க நைனா. பாத்து சொல்லுங்க” என்றான்.

அவள் கம்பத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். பறை அடிக்கிறவருக்குத் தன் வீட்டு டம்ளரில் காப்பி கொடுத்ததை அத்தனை பேர் நடுவில் எப்படி ஒப்புக்கொள்வது? அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை என்பது என் எண்ணம். கஞ்சி வைத்துக் கொடுத்த அதே பொம்பளைதான் சொன்னாள்:

“அவரு வேறங்க. அவரு சட்ட போட்டுக்கினு வருவாரு.”

அதற்குமேல் ஆசீர்வாதம் என்ன கத்தியும் யாரும் காது கொடுக்கவில்லை. தேசப்பனுக்கு ஒரு மகன் உண்டு என்று தெரிந்த ஊராரும் தள்ளியே நின்றார்கள். பெண்டாட்டி பிள்ளையைப் பறிகொடுத்தவர், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறார் என்று இரக்கப்பட்டார்கள். நாலு பேர் அவனைப் பிடித்துப் பலவந்தமாக உட்கார வைத்தார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடினார். அவன் திமிறினான். நைனா, நைனா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

திருவள்ளூரிலிருந்து போலீஸ் ஜீப் வந்தது. கான்ஸ்டபிள் கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து, அதே கயிற்றால் தேசப்பனின் கைகளைக் கட்டினார். ஜீப்பை நோக்கி நடக்கும்போது தேசப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து அருணகிரியின் குரல் மட்டும் கேட்டது. சும்மா இருங்க சார், கொஞ்சம் தண்ணி குடிங்க சார் என்று மகனைத் தேற்றிக்கொண்டிருந்தார். தேசப்பன் ஒரு நிமிஷம் நின்று அதைக் கேட்டார். பிறகு ஜீப்பில் ஏறினார்.